வீட்ல குடிக்கிறவரை சிகிச்சைக்குக் கூட்டிட்டுப் போறது எப்படி: கடலூர், பாண்டி பக்கம் இருக்குறவங்களுக்கு

எங்க அண்ணன் குடியை விட்டதுக்கு அப்புறம் தெரிஞ்சவங்க, தெரிஞ்சவங்களுக்குத் தெரிஞ்சவங்கன்னு நிறைய பேர் போன் பண்றாங்க, எங்க போனீங்க, என்ன பண்ணீங்க, எவ்ளோ செலவாச்சுன்னு. ஒவ்வொருத்தர் கிட்டயும் போன்ல சொல்றப்ப ஏதாவது ஒண்ணு விட்டுப்போகுது, அதனால டாக்டருங்க சொன்னது, நான் தேடிப் படிச்சது, ஓபி வாசல்ல உக்காந்து மத்த குடும்பங்க சொல்லிக் கேட்டது எல்லாத்தையும் சேர்த்து எழுதிடுறேன். நான் டாக்டர் இல்ல, மாத்திரை அளவெல்லாம் இதுல இருக்காது.

முதல்ல உயிர் விஷயம். தினமும் காலையில இருந்தே குடிக்கிற ஒருத்தரை ரூம்ல போட்டு பூட்டி, நாலு நாள் குடிக்காம இருந்தா சரியாயிடும்னு மட்டும் நினைக்காதீங்க. சரக்கு மூளையை அமுக்குற பொருள், வருஷக்கணக்கா அது அமுக்கிட்டே இருக்குறதால மூளை அதுக்கு எதிரா முறுக்கிக்கிட்டே இருக்கும், கயித்தை ரெண்டு பக்கமும் இழுத்துட்டு இருக்கும்போது ஒரு பக்கம் திடீர்னு கையை விட்டா எதிர்ப்பக்கம் என்ன ஆகும், அதுதான் நடக்குது. கடைசியா குடிச்சு ஆறேழு மணி நேரத்துலயே கை நடுக்கம், வியர்வை, படபடப்பு, வாந்தி ஆரம்பிக்கும். முதல் 48 மணி நேரத்துக்குள்ள ஃபிட்ஸ் வரலாம். ரெண்டாவது நாள்ல இருந்து நாலாவது நாளுக்குள்ள சிலருக்கு ஆள் அடையாளம் தெரியாம போகும், சுவத்துல பூச்சி ஊறுதும்பாங்க, யாரோ வெட்ட வராங்கன்னு எழுந்து ஓடுவாங்க, ஜுரம் அடிக்கும். இதைப் பாத்து பேய் புடிச்சிருக்குன்னு மந்திரிக்கக் கூட்டிட்டுப் போன குடும்பங்க நம்ம ஊர்ல நிறைய. அது பேய் இல்ல, அது டெலிரியம், உயிரையே எடுக்கக்கூடிய எமர்ஜென்சி, 108 கூப்பிட வேண்டிய நேரம்.

ஃபிட்ஸ் வந்தா கையில சாவிக்கொத்து, இரும்பு எதையும் திணிக்காதீங்க, வாய்ல ஸ்பூன் வைக்காதீங்க, தண்ணி ஊத்தாதீங்க. ஒருக்களிச்சுப் படுக்க வச்சு, தலைக்குக் கீழ துணி வச்சு, பக்கத்துல இருக்குற சாமானை நகர்த்திட்டு ஆம்புலன்ஸ் கூப்பிடுங்க.

இதுல நம்ம பழக்கத்தோட மோதுற விஷயம் ஒண்ணு இருக்கு. கார்த்திகை ஒண்ணாந்தேதி மாலை போடுறோம்னு பலபேர் அன்னைக்கே குடியை நிறுத்துவாங்க, இல்ல ஏதாவது கோயில்ல சத்தியம் பண்ணி கயிறு கட்டிக்குவாங்க. அந்த பக்தியும் மனசும் நல்லது, அதை நான் ரொம்ப மதிக்கிறேன், ஆனா கை நடுங்குற அளவுக்குக் குடிக்கிறவரா இருந்தா மாலை போடுறதுக்கு ரெண்டு மூணு வாரம் முன்னாடியே டாக்டரைப் பாத்து, மாத்திரையோட பாதுகாப்பா நிறுத்திட்டு அப்புறம் மாலை போடட்டும். வருஷா வருஷம் 48 நாள் நிறுத்தி திரும்ப ஆரம்பிச்சு, திரும்ப நிறுத்தின்னு போனா ஒவ்வொரு தடவையும் நிறுத்துறப்ப வர்ற உபாதை முன்னத்தை விட மோசமாகலாம், ஃபிட்ஸ் வர வாய்ப்பு கூடும்னு 1970கள்ல இருந்தே ஆராய்ச்சியாளருங்க சொல்லிட்டு வராங்க. போன வருஷம் ஒண்ணும் ஆகலைங்கிறதை வச்சு இந்த வருஷத்தை முடிவு பண்ண முடியாது.

இன்னொண்ணு, பைக் ஆக்சிடென்ட், கால் முறிவு, குடலிறக்க ஆபரேஷன்னு வேற எதுக்காவது அட்மிட் ஆகுறப்ப அவர் தினமும் குடிப்பார்ங்கிறதை வெக்கப்பட்டு மறைக்காதீங்க. ஆஸ்பத்திரியில சரக்கு கிடைக்காது, மூணாவது நாள் ராத்திரி டிரிப்ஸ் ஊசியைப் புடுங்கிப் போட்டுட்டு ஓடுவாங்க, என்ன ஆச்சுன்னே வார்டுல யாருக்கும் புரியாது. எவ்ளோ, எத்தனை வருஷமா, கடைசியா எப்பன்னு அட்மிஷன் போடுறப்பவே சொல்லிடுங்க, அவங்க முன்னாடியே மாத்திரை ஆரம்பிச்சிடுவாங்க, விட்டமின் பி1 ஊசியும் போடுவாங்க. அந்த பி1 சின்ன விஷயம் மாதிரி தெரியும், ஆனா சாப்பாடு இல்லாம குடிச்ச உடம்புல அது இல்லாம போறதாலதான் நடை தள்ளாடி, கண் அலைஞ்சு, ஞாபகமே அழிஞ்சு போற ஒரு மூளை பாதிப்பு வருது.

அளவைப் பத்தியும் சொல்லிடுறேன், ஏன்னா எல்லாருமே ஒரு குவார்ட்டர்தானே குடிக்கிறார்னு ஆரம்பிப்பாங்க. குவார்ட்டர்னா 180 மில்லி, 42.8 சதவீதம், கணக்கு போட்டா கிட்டத்தட்ட 60 கிராம் சுத்த ஆல்கஹால். உலக சுகாதார நிறுவனத்தோட ஆடிட்ங்கிற 10 கேள்வித் தாள்ல ஒரு டிரிங்குன்னா 10 கிராம், அதுல ஒரு கேள்வி, ஒரே தடவையில 6 டிரிங்க் இல்ல அதுக்கு மேல எவ்ளோ அடிக்கடி குடிக்கிறீங்கன்னு கேக்கும். நம்ம ஊர் ஒரு குவார்ட்டர் அந்த 6 தான். மொத்தம் 40 மார்க், 8 தொட்டாலே கவனிக்கணும், 20 தொட்டா டாக்டர் கிட்ட நேரா போகணும். தமிழ்லயும் அந்தக் கேள்விங்க கிடைக்குது, அவரே போட்டுப் பாக்கட்டும், நீங்க மார்க் போட்டுக் காட்டினா சண்டையிலதான் முடியும்.

மார்க் குறைவா இருந்து, இன்னும் கை நடுங்குற கட்டத்துக்குப் போகாதவங்களுக்கு அட்மிஷனே தேவைப்படாம போகலாம். கோவாவுல ஆரம்ப சுகாதார நிலையங்கள்ல ஒரு ஆய்வு பண்ணாங்க, 2017ல வெளியாச்சு, டாக்டர் கூட இல்ல, பயிற்சி கொடுத்த சாதாரண ஆளுங்க அதிகபட்சம் நாலு தடவை உக்காந்து பேசினாங்க. மூணு மாசம் கழிச்சுப் பாத்தா பேச்சு கிடைச்சவங்கள்ல 36 சதவீதம் பேர் ஆபத்தான குடியில இருந்து வெளிய வந்திருந்தாங்க, கிடைக்காதவங்கள்ல 26. பெரிய வித்தியாசம் இல்லைன்னு தோணலாம், ஆனா நாலே நாலு பேச்சுக்கு இது பெருசுன்னுதான் நான் சொல்வேன்.

இப்போ எங்க போறது. பாண்டி பக்கம்னா கோரிமேடு ஜிப்மர்ல மனநலப் பிரிவு இருக்கு, பதிவு காலையிலதான், அதனால சீக்கிரம் கிளம்பணும். பாண்டி டவுன்ல இந்திரா காந்தி அரசு பொது மருத்துவமனை, கதிர்காமத்துல மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. கடலூர்னா மஞ்சக்குப்பத்துல அரசு தலைமை மருத்துவமனை, சிதம்பரம் பக்கம் இருக்குறவங்களுக்கு அங்க இருக்குற அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை (முன்னாடி ராஜா முத்தையான்னு சொல்வோமே அது). மனநலப் பிரிவுன்னு போர்டு பாத்து தயங்காதீங்க, குடிநோய்க்கு அதுதான் சரியான வாசல். போறப்ப ஆதார், பழைய சீட்டுங்க, அவர் சாப்பிடுற எல்லா மாத்திரையும் (சுகர், பிரஷர், ஃபிட்ஸ் எதுவா இருந்தாலும்), அப்புறம் ஒரு பேப்பர்ல தினமும் எவ்ளோ, எத்தனை மணிக்கு முதல் ரவுண்டு, முன்னாடி நிறுத்தினப்ப என்ன ஆச்சுன்னு எழுதி எடுத்துட்டுப் போங்க. முன்னாடி ஒரு தடவை ஃபிட்ஸோ குழப்பமோ வந்தவங்க, மஞ்சக்காமாலை இல்ல வயித்துல நீர் கட்டினவங்க, வயசானவங்க, வீட்ல பாத்துக்க ஆள் இல்லாதவங்க, இவங்களை எல்லாம் அட்மிட் பண்ணித்தான் நிறுத்தணும். மத்தவங்களுக்கு வீட்ல இருந்தே மாத்திரையோட நிறுத்த டாக்டர் ஒத்துக்கலாம். மெடிக்கல் ஷாப்ல தூக்க மாத்திரை வாங்கி நீங்களா கொடுக்குறது கூடவே கூடாது, குடியும் அதுவும் சேர்ந்தா மூச்சு நின்னுடும்.

போக மாட்டேங்குறாரேன்னு கேப்பீங்க, எல்லாரும் கேக்குறது அதைத்தான். 2019ல வெளியான தேசிய சர்வேயில குடிக்கு அடிமையானவங்கள்ல 38 பேர்ல ஒருத்தருக்குத்தான் ஏதாவது சிகிச்சை கிடைச்சிருக்குன்னு வந்துச்சு, அதனால உங்க வீட்ல மட்டும் இல்ல. ஆனா அவரே விழுந்து அடிபட்டு உணர்ந்து வரட்டும்னு காத்திருக்க வேண்டாம், அந்தக் காத்திருப்புல ஈரல் போயிடும். அமெரிக்காவுல 1999ல ஒரு ஆய்வு, சிகிச்சைக்கு வரவே மாட்டேன்னு சொல்றவங்களோட குடும்பத்துக்கு மூணு விதமா பயிற்சி கொடுத்தாங்க. எல்லாரும் சேர்ந்து உக்கார வச்சு நேருக்கு நேரா கேக்குற முறையில 30 சதவீதம் பேர் சிகிச்சைக்கு வந்தாங்க, குடும்பம் தன்னை மட்டும் பாத்துக்கிட்டு விலகி இருக்குற முறையில 13, குடும்பத்தோட தினசரி நடத்தையை மாத்துற கிராஃப்ட்ங்கிற முறையில 64. எனக்கு இதுதான் எல்லாத்தையும் விட முக்கியமான ஆராய்ச்சி, ஏன்னா இது அவரை இல்ல, நம்மளை என்ன பண்ணச் சொல்லுதுன்னு பாருங்க.

குடிக்காம வந்த நாள்ல அவரோட நல்லா இருங்க, பிடிச்ச மீன் குழம்பு வைங்க, பக்கத்துல உக்காந்து பேசுங்க, பழைய கணக்கு எடுக்காதீங்க. குடிச்சிட்டு வந்த நாள்ல சண்டையும் வேண்டாம் சேவையும் வேண்டாம், பேசாம விலகிடுங்க. வாந்தியைத் துடைக்கிறது, மேஸ்திரிக்கு போன் பண்ணி ஜுரம்னு பொய் சொல்றது, கடன்காரனுக்கு நகையை வச்சு குடுக்குறது, இதெல்லாம் பாசத்துலதான் பண்றோம், ஆனா குடியோட வலி அவர் மேல படாம நாமளே குடை பிடிக்கிறோம். (மூச்சு அடைக்கிற மாதிரி மல்லாந்து கிடந்தா ஒருக்களிச்சுப் போடுறது வேற, அது கண்டிப்பா பண்ணணும்.) பேச வேண்டிய நேரம் போதை தெளிஞ்சு அவரே மனசு கஷ்டப்படுற காலை: ஸ்கேன் ரிப்போர்ட் வந்த நாள், பொண்ணு பேசாம போன நாள். அன்னைக்கு லெக்சர் வேண்டாம், "வாங்க இன்னைக்கே போயிட்டு வந்துடலாம், நான் கூட வரேன், லீவு சொல்லிட்டேன்" அவ்ளோதான். அந்தக் கதவு கொஞ்ச நேரம்தான் தொறந்திருக்கும், அதுக்குள்ள எந்த ஆஸ்பத்திரி, எந்த பஸ், யார் புள்ளைங்களைப் பாத்துக்குறதுன்னு நீங்க முன்னாடியே முடிவு பண்ணி வச்சிருக்கணும். அடிக்கிறவரா இருந்தா இதெல்லாம் அப்புறம், முதல்ல நீங்களும் புள்ளைங்களும் பாதுகாப்பா வெளிய போங்க, பெண்களுக்கு 181 இருக்கு, அவசரம்னா 112.

தேவனாம்பட்டினம், சிங்காரத்தோப்பு, சோனாங்குப்பம் பக்கம் விசைப்படகுல போறவங்க வீடுகளுக்கு நான் சொல்றது, ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் மீன்பிடி தடைக்காலம் வருதே, அந்த 61 நாளை சிகிச்சைக்கு எடுத்துக்கோங்க. தொழில் கெடுதுன்னு காரணம் சொல்ல முடியாது. மாறா சும்மா விட்டா கரையில வேலையில்லாம உக்காந்திருக்குற அந்த ரெண்டு மாசத்துலதான் குடி கூடும்.

தயவு செஞ்சு ஒண்ணு கேளுங்க. பஸ்லயும் சுவத்துலயும் ஒட்டியிருக்கே, குடிப்பவருக்குத் தெரியாம சாப்பாட்டுல கலந்து கொடுக்குற மருந்துன்னு, அதை வாங்காதீங்க. அதுல என்ன இருக்குன்னு யாருக்கும் தெரியாது, சிலர் டைசல்பிராம்ங்கிற மாத்திரையையே பொடி பண்ணி ரசத்துல கலக்குறாங்க. அது நல்ல மாத்திரைதான், 1940கள்ல டென்மார்க்ல கண்டுபிடிச்சது, ஆனா அது வேலை செய்யுற விதமே, அதைச் சாப்பிட்டவர் குடிச்சா முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி எடுத்து, பிரஷர் இறங்கும், இருதயக் கோளாறு இருக்குறவர் செத்தே போகலாம். நிறுத்தி ரெண்டு வாரம் வரைக்கும் அந்த எஃபெக்ட் இருக்கும். தெரிஞ்சு, சம்மதிச்சு, டெஸ்ட் எடுத்து, டாக்டர் கண்காணிப்புல சாப்பிடுறவருக்கு மட்டும்தான் அது. திருட்டுத்தனமா கொடுத்தது ஒரு நாள் தெரிஞ்சா வீட்டு சாப்பாட்டையே நம்ப மாட்டார், அப்புறம் எந்த சிகிச்சைக்கும் கூப்பிட முடியாது.

தனியார் மறுவாழ்வு மையம் பாக்குறவங்க, நேர்ல போய் உள்ள பாத்துட்டு முடிவு பண்ணுங்க. பதிவு சான்றிதழ் இருக்கா, மனநல டாக்டர் எத்தனை நாளைக்கு ஒரு தடவை வரார், முதல் வாரம் ஃபிட்ஸ் வந்தா எந்த ஆஸ்பத்திரி, குடும்பம் எப்ப பாக்கலாம், போன் பேசலாமா. ராத்திரியில வண்டியோட நாலு ஆளை அனுப்பி தூக்கிட்டு வரோம்னு சொல்ற இடமா இருந்தா அங்கயே திரும்பிடுங்க. 2017 மனநல பராமரிப்புச் சட்டம் குடி, போதையால வர்ற மனநல பாதிப்பையும் சேர்த்துத்தான் பேசுது, அந்தச் சட்டப்படி ஆளை சங்கிலியில கட்டுறது குற்றம். அடிச்சு திருத்துறதுக்குப் பேரு சிகிச்சை இல்ல. சென்னையில 1980ல சாந்தி ரங்கநாதன் ஆரம்பிச்ச டிடிகே ஆஸ்பத்திரின்னு நாம சொல்ற இடம், அடி இல்லாம குடும்பத்தையும் சேர்த்து உக்கார வச்சு சிகிச்சை கொடுக்க முடியும்னு நாப்பது வருஷத்துக்கு மேல காட்டிட்டு இருக்கு.

ஏன் இவருக்கு மட்டும் இப்படின்னு ஒரு கேள்வி எல்லா அம்மாவுக்கும் இருக்கும். இரட்டையர்களை வச்சு பண்ண ஆய்வுங்கள்ல குடிநோய்க்கு ஏறக்குறைய பாதி காரணம் பரம்பரைன்னு வருது. மீதி பாதியில ஆரம்பிச்ச வயசு பெரிய விஷயம், 1997ல அமெரிக்காவுல பண்ண ஒரு கணக்குல 15 வயசுக்கு முன்னாடி ஆரம்பிச்சவங்கள்ல 40 சதவீதம் பேர் பின்னாடி அடிமையானாங்க, 20 வயசு தாண்டி ஆரம்பிச்சவங்கள்ல 10 சதவீதம்தான். சின்ன வயசுல அடி, அம்மா மேல வன்முறை, வீட்ல குடிக்கிறவர் இருந்ததுன்னு நாலு விதமோ அதுக்கு மேலயோ கஷ்டம் அனுபவிச்சவங்களுக்கு குடி, போதை, தற்கொலை முயற்சி எல்லாமே பலமடங்கு கூடுதுன்னு 1998ல வந்த ஆய்வு சொல்லுது. இதோட மனச்சோர்வு, தூக்கமின்மை, முதுகு ஒடியுற மூட்டை வேலை, அப்பறம் சுலபமா கிடைக்கிறது. நம்ம பக்கம் சுலபத்துக்குக் குறைவே இல்ல, பாலம் தாண்டினா பாண்டி எல்லையில முள்ளோடை, விலை கம்மி, தமிழ்நாட்டுல குடிக்க சட்டப்படி 21 வயசு, அங்க 18. அதனால வீட்ல இருக்குற பையன்களுக்காக நீங்க பண்ணக்கூடிய பெரிய வேலை, கல்யாண வீட்ல ஒரு சிப் தானேன்னு யாராவது நீட்டினா தடுக்குறது, அப்பாவுக்கு பாட்டில் வாங்கிட்டு வர அனுப்பாம இருக்குறது. ஒழுக்கம் கெட்டவன்னு திட்டுறதால இதுல ஒரு காரணமும் குறையாது.

எல்லை தாண்டுறதைப் பத்தி பேசுறப்ப இதையும் சொல்லணும், எங்க வாங்கினாலும் கள்ளச்சாராயம்னு சந்தேகம் இருந்தா, குடிச்ச பல மணி நேரம் கழிச்சு கூட வயித்து வலி, வாந்தி, கண் மங்கல் வந்தா தூங்கினா சரியாயிடும்னு விடாதீங்க. 2023 மே மாசம் மரக்காணம் எக்கியார்குப்பம், 2024 ஜூன்ல கள்ளக்குறிச்சி கருணாபுரம், ரெண்டுமே மெத்தனால்தான், கள்ளக்குறிச்சியில மட்டும் 60 பேருக்கு மேல போயிட்டாங்க. சீக்கிரம் கொண்டு போனா முறிமருந்து, டயாலிசிஸ்னு காப்பாத்த வழி இருக்கு.

நிறுத்தின ஒரு வாரத்துல முகம் தெளிஞ்சிடும், அதோட குடும்பம் நிம்மதியாயிடுது, அங்கதான் தப்பு நடக்குது. அந்த ஒரு வாரம் உடம்புல இருந்து இறக்குறது மட்டும்தான், சிகிச்சை அதுக்கு அப்புறம்தான் ஆரம்பிக்குது. ஏக்கத்தைக் குறைக்க நால்ட்ரெக்சோன், அகாம்ப்ரோசேட், ஈரல் கெட்டவங்களுக்கு சில சமயம் பேக்லோஃபென்னு மாத்திரைங்க இருக்கு, உங்க டாக்டர் இதைப் பத்தி பேசலைன்னா நீங்களே கேளுங்க. 2014ல நிறைய ஆய்வுகளைச் சேர்த்துப் பாத்தப்ப அகாம்ப்ரோசேட் 12 பேர் சாப்பிட்டா, மாத்திரை இல்லாம இருந்திருந்தா திரும்பக் குடிச்சிருக்கக்கூடிய ஒருத்தர் கூடுதலா தப்பிக்கிறார்னு வந்துச்சு. அதிசயம் இல்ல, ஆனா மத்த நீண்டகால வியாதி மாத்திரைங்களும் இப்படித்தான். மாத்திரையோட கவுன்சிலிங், முடிஞ்சா ஏஏ (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், குடியை விட்டவங்க ஒண்ணா உக்காந்து பேசுறது) கூட்டம், ஆறு மாசம் ஒரு வருஷம்னு தொடர்ந்து போகணும்.

சம்பளம் கையில வராம வீட்டுக்காரம்மா அக்கவுண்ட்டுக்கு வரட்டும்னு அவரே சொல்ற அளவுக்குப் பேசி வைங்க. பாண்டியில வேலை பாத்துட்டு கடலூர் திரும்புறவர் கொஞ்ச மாசம் பைக்கை விட்டுட்டு குடிக்காத ஒருத்தரோட பஸ்ல வரட்டும், கடையைப் பாத்தாலே நாக்கு ஊறுறது மூளை பழகிப்போனது, மன உறுதி இல்லாததால இல்ல. கல்யாணம், மாசி மகம், தீபாவளியை விட பெரிய கண்ணி சாவு வீடு, தூக்கிட்டுப் போறவங்களுக்கு பாட்டில் வாங்கித் தர்ற பழக்கம் இன்னும் இருக்கு, மாட்டேன்னா மரியாதை இல்லைன்னு பேச்சு வேற வரும். செத்தவருக்கு மாலை போட்டுட்டு, பாடியை எடுக்குறதுக்கு முன்னாடியே நீங்க ரெண்டு பேரும் திரும்பிடுங்க, யாராவது கேட்டா "மாத்திரை சாப்பிடுறேன், கலந்தா ஆஸ்பத்திரிதான்" அப்படிங்கிற ஒரே பதில் போதும், வீட்லயே சொல்லிப் பாத்துட்டுப் போகட்டும்.

அப்படியும் ஒரு நாள் குடிச்சிடலாம். சிகிச்சை எடுத்தவங்கள்ல 40ல இருந்து 60 சதவீதம் பேர் ஒரு வருஷத்துக்குள்ள திரும்பத் தொடறாங்க, பிரஷர், ஆஸ்துமாக்காரங்க மாத்திரையை விட்டுட்டு திரும்ப வர்ற கணக்கும் கிட்டத்தட்ட இதேதான்னு 2000ல ஒரு ஆய்வு ஒப்பிட்டுக் காட்டுச்சு. போச்சு எல்லாம் போச்சுன்னு அழுதா அவரும் அதையே நம்பி அடுத்த பாட்டிலுக்குப் போவார். மறுநாள் காலையில அதே சீட்டை எடுத்துட்டு அதே ஓபிக்குப் போங்க, எங்க, யாரோட, என்ன மனநிலையில குடிச்சார்னு டாக்டர் கிட்ட சொல்லட்டும், மாத்திரையை மாத்தணுமான்னு அவங்க பாப்பாங்க.

வலி மாத்திரையைக் கரைச்சு ஊசியா போட்டுக்குற பையன் வீட்ல இருந்தா கொஞ்சம் வேற. நிறுத்துறப்ப உடம்பு வலி, பேதி, தூக்கமின்மைன்னு துடிப்பான், அதை விட பெரிய ஆபத்து கொஞ்ச நாள் நிறுத்திட்டு பழைய அளவையே திரும்ப எடுக்குறது, உடம்பு அதைத் தாங்குற சக்தியை இழந்திருக்கும், மூச்சு நின்னு போயிடும். இவங்களுக்கு புப்ரனார்ஃபின்னு மாத்திரை சிகிச்சை இருக்கு. போலீஸ் பயத்துல ஒளிக்காதீங்க, சொந்த உபயோகத்துக்கு எடுத்து மாட்டினவர் தானா முன்வந்து சிகிச்சை எடுத்தா வழக்குல இருந்து பாதுகாப்பு குடுக்க போதைப்பொருள் சட்டத்துலயே 64ஏ பிரிவு இருக்கு, ஒரு வக்கீலைக் கேட்டுக்கோங்க.

யார் கிட்ட பேசுறதுன்னே தெரியலைன்னா 14446 போதை மீட்பு உதவி எண், 14416 டெலி மனஸ்ங்கிற அரசு மனநல உதவி எண், ரெண்டுக்கும் காசு இல்ல, டெலி மனஸ்ல தமிழ்லயே பேசலாம். குடிக்கிறவர்தான் பேசணும்னு இல்ல, தூக்கம் வராம முழிச்சிட்டு இருக்குற அம்மாவோ தங்கச்சியோ கூட பேசலாம்.